கிணற்றுக்குள் இறங்கும் குரல்

எங்கள் தோட்டக் கிணறு செம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. திண்டுக்கல் சமவெளியில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கிணற்றைச் சொல்வார்கள். கருங்கல் கட்டு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள், பாதி ஆழத்தில் ஒரு மேடை, மேடைமேல் ஒரு மோட்டார், அங்கிருந்து தண்ணீருக்குள் இறங்கும் இரும்புக் குழாய். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியதும், பழகிய பிறகு யார் அதிக நேரம் முங்கிக் கிடப்பது என்று பந்தயம் போட்டதும் அங்கேதான். இப்போது அந்தக் கிணற்றில் கருவேலஞ்செடி முளைத்திருக்கிறது. தண்ணீர் ஆயிரம் அடி போர்வெல்லுக்குப் போய்விட்டது.

முங்கிக் கிடக்கும்போது இரண்டு சத்தங்கள் கேட்கும். மேலே நின்று அம்மா கூப்பிடுவது ஒன்று. சொல் எதுவும் பிடிபடாது. ஏற்ற இறக்கம் மட்டும் எங்கோ தொலைவிலிருந்து வந்து சேரும். ஆனாலும் அது சாப்பிடக் கூப்பிடுவதா, திட்டுவதா என்பது தெரிந்துவிடும். இன்னொன்று மோட்டார். மேடைமேல் இருக்கும் மோட்டார் தண்ணீருக்குள் மண்டைக்கு நடுவே ஓடுவதுபோல் இருக்கும். ஒரே கிணறு, ஒரே காது. ஒன்று ஏன் தேய்ந்து வருகிறது, மற்றது ஏன் மண்டையைக் குடைகிறது?

காரணம் எளிது. காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் மோதும்போது அதன் ஆற்றலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்குகிறது. மீதி அப்படியே மேலே திரும்பிவிடுகிறது. அம்மாவின் குரல் அந்த வாசலில் அடிபட்டுப் போகிறது. மோட்டாருக்கு அந்த வாசலைத் தாண்டும் வேலையே இல்லை. அதன் அதிர்வு இரும்புக் குழாய் வழியாக நேரே தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது.

குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு இந்தக் குழாய்தான் நினைவுக்கு வந்தது. கருவில் இருக்கும் பிள்ளைக்கு வெளியுலகக் குரல்கள் எல்லாம் கிணற்று மேட்டிலிருந்து கூப்பிடும் குரல்கள். தாயின் குரலுக்கு மட்டும் குழாய் இருக்கிறது. அவள் பேசும்போது தொண்டையில் எழும் அதிர்வு வாய்வழியே காற்றில் போவதோடு நிற்பதில்லை. முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் தசையிலும் பரவிப் பனிக்குட நீரில் போய்ச் சேர்கிறது. பிரசவத்தின்போது கருப்பைக்குள் நுண்ணிய ஒலிவாங்கி வைத்து அளந்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பேசும் மற்றவர்களின் குரல் உள்ளே சற்றுக் குறைந்து கேட்க, தாயின் குரல் வெளியே இருப்பதைவிடச் சுமார் 5 டெசிபல் கூடுதலாகவே பதிவானது.

கிணற்று உவமை ஓரிடத்தில் இடறும், அதையும் சொல்லிவிட வேண்டும். வயிறு மெல்லிய சுவர். அடித்தொண்டை ஒலிகளை, அதாவது சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை, அது பெரிதாகத் தடுப்பதில்லை. கீச்சென்ற மேல்சுருதி ஒலிகளைத்தான் வடிகட்டிவிடுகிறது. பக்கத்து வீட்டு டிவி சுவர் வழியே கேட்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வார்த்தை புரியாமலே செய்தி ஓடுகிறதா, சீரியலில் மாமியார் சண்டையா என்று சொல்லிவிடுவோம். மெய்யெழுத்துகள் எல்லாம் உதிர்ந்து, பேச்சின் மெட்டு மட்டும் மிஞ்சுகிறது. பிள்ளை முதலில் கற்பது அந்த மெட்டைத்தான்.

வளைகாப்பில் அடுக்கும் கண்ணாடி வளையல் பிள்ளைக்குக் கேட்கவே என்று இப்போது மேடைதோறும் சொல்கிறார்கள். ஏழாம் மாதக் கணக்கு சரிதான். காது அப்போது விழித்திருக்கும். ஆனால் வளையலின் கிலுகிலுப்பு ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் உயரத்தில் ஒலிப்பது, வயிற்றுச் சுவர் வடித்துவிடுவதும் அதைத்தான். அன்றைக்கு வயிற்றுப் பிள்ளைக்கு நன்றாகக் கேட்டிருக்கக்கூடியது, வளையல் போட்ட அத்தைகளின் கேலிக்கு அந்தப் பெண் சிரித்த சிரிப்பு. அபிமன்யு கதையை நான் இங்கே இழுக்கப் போவதில்லை. சக்கரவியூகத்தைப் புரிந்துகொள்ள மெய்யெழுத்தும் வேண்டும்.

காது எப்போது விழிக்கிறது? 1983-ல் பிர்ன்ஹோல்ட்ஸ், பெனசெராஃப் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் தாயின் வயிற்றின் மேல் அதிர்வொலி எழுப்பும் கருவியை வைத்து, ஸ்கேனில் கருவின் கண்ணிமையைப் பார்த்தார்கள். 24, 25 வாரங்களில் சில பிள்ளைகள் திடுக்கிட்டு இமைகளை இறுக்கின. 28 வாரத்துக்குப் பிறகு அநேகமாக எல்லாமே இறுக்கின. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1980-ல், அந்தோனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத 10 குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து ஒரு வேடிக்கை செய்திருந்தார்கள். ஒருவிதமாக விட்டுவிட்டுச் சப்பினால் தாயின் குரல் ஒலிக்கும். வேறுவிதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். குழந்தைகள் சப்பும் தாளத்தை மாற்றிக்கொண்டு தாயின் குரலை வரவழைத்தன. கண் சரியாகத் தெரியாத, கழுத்து நிற்காத உயிர் செய்த காரியம் அது. நான்கு ஆண்டுகள் கழித்து டிகாஸ்பர் தகப்பன்மார் குரலை வைத்துச் சோதித்தார். குழந்தைகளுக்கு வேறுபாடு தெரிந்தது, விருப்பம் ஏதும் தெரியவில்லை. மேட்டில் நின்று கூப்பிட்டவர் தகப்பன்.

இனி 28 வாரத்தில் பிறந்துவிடும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். காது முழுதாக விழித்த அதே வாரம் அது வெளியே வந்துவிடுகிறது. தாயின் குரலுக்குள்ளேயே மிதந்திருக்க வேண்டிய 12 வாரங்கள் அதற்கு இல்லை.

உலகில் 2020-ல் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் 30 லட்சம் இந்தியாவில். எந்த நாட்டைவிடவும் அதிகம். திண்டுக்கல்லில் மகப்பேறு பார்க்கும் எந்தப் பெரிய மருத்துவமனையின் வராந்தாவிலும் அந்தக் கணக்கின் ஒரு துளி உட்கார்ந்திருக்கும். பிளாஸ்க், ஒயர்கூடை, துண்டு விரித்துப் படுத்திருக்கும் அப்பத்தா, சுவரில் சாய்ந்த பச்சை உடம்புக்காரி. "எடை பத்தலைன்னு பெட்டியில வச்சிருக்காங்க" என்பார்கள். எத்தனை மாதம் என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்பார்கள். ஏழு என்றால் பிழைத்துக்கொள்ளும் என்றும், எட்டு என்றால் உச்சுக்கொட்டியும் ஒரு தீர்ப்பு வரும். ஏழில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்ற இந்தப் பழைய நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ, உண்மை அதற்கு நேர்மாறு. உள்ளே கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம். எட்டாம் மாதப் பிள்ளையின் தாயிடம் உச்சுக்கொட்டுவதை இந்தத் தலைமுறையோடாவது நிறுத்தலாம்.

இந்த ஊர்ப்பக்கம் தாய்சேய் மருத்துவத்துக்கு நீண்ட கதை உண்டு. டாக்டர் சௌந்தரம் 1947-ல் சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளோடு தொடங்கிய பிரசவ நிலையம்தான் வளர்ந்து காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனை ஆயிற்று. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இந்த இடைவெளிக்குள் நடந்த மாற்றத்தை ஒரு குறைமாதப் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் விசித்திரமாக இருக்கும். அன்றைக்கு அது பஞ்சில் சுற்றி, கிழவியின் மடியில், இருட்டறையில் கிடந்தது. குரல் இருந்தது, ஆக்சிஜன் இல்லை, பெரும்பாலும் பிழைக்கவில்லை. இன்றைக்கு ஆக்சிஜன் இருக்கிறது, நுரையீரல் ஒட்டாமல் விரிய மருந்து இருக்கிறது, மூச்சு மறந்தால் தட்டியெழுப்பக் கேஃபீன் சொட்டு இருக்கிறது. குரல் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறது.

உள்ளே என்ன கேட்கிறது? மூக்கில் மாட்டிய குழாயில் காற்று சீறுகிறது. தண்ணீர்ப் பாட்டிலில் அது குமிழியிடுகிறது. பெட்டியின் விசிறி ஓடுகிறது. மானிட்டர்கள் மாறிமாறிக் கூவுகின்றன. பெட்டியின் மேல் யாரோ ஸ்டீல் கிண்ணத்தை வைத்தால், உள்ளே அது பறையடி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இத்தகைய பிரிவுகளில் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 1997-லேயே சொன்னது. பெட்டியின் சொந்த மோட்டாரே பல சமயம் அதைத் தாண்டிவிடுகிறது. எந்த மேல்சுருதியைத் தாயின் உடல் வடிகட்டிக் கொடுத்திருக்குமோ, அது வடிகட்டாமல் வந்து விழுகிறது.

சத்தம் பற்றிப் பேசும்போது திண்டுக்கல்காரன் ஒருவன் வேடசந்தூரைத் தாண்டிப் போக முடியாது. அந்தப் பக்கத்து நூல் மில்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். ஸ்பின்னிங் பிரிவில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். சுவீடனில் 14 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. கர்ப்ப காலத்தில் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் முழுநேரம் வேலை செய்த பெண்களின் பிள்ளைகளுக்குக் கேள்விக் குறைபாட்டுக்கான வாய்ப்பு, அமைதியான இடத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளைவிடச் சுமார் 1.8 மடங்கு இருந்தது. காதடைப்பான் தாயின் காதைக் காக்கும். அடிச்சுருதி இரைச்சலோ வயிற்றுச் சுவரைத் தாண்டி உள்ளே போகும், உள்ளே இருப்பவருக்குக் காதடைப்பான் இல்லை. மில்லில் மாசமாக இருக்கும் பெண்ணை இரைச்சல் குறைந்த பிரிவுக்கு மாற்றிவிட வேண்டும் என்று சொல்ல இதைவிட வேறு காரணம் தேவையா?

பெட்டிக்குத் திரும்புவோம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் நகரில் பெட்டி வோர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 36 குறைமாதக் குழந்தைகளின் சட்டையில் சிறு ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி 16 மணிநேரம் பதிவு செய்தார்கள். 32 வாரத்தில் ஒரு முறை, 36 வாரத்தில் ஒரு முறை. கேட்ட ஒலிகளில் மனிதப் பேச்சு நூற்றுக்கு 2 முதல் 5 பங்குதான். மீதியெல்லாம் இயந்திரம், இரைச்சல், மௌனம். இன்னொன்றும் அந்தப் பதிவில் இருந்தது. பிறக்க வேண்டிய நாளுக்கு 8 வாரம் முன்பே, 32 வாரத்திலேயே, அந்தக் குழந்தைகள் குரல் கொடுத்தன. அழுகை வேறு, இது வேறு. உயிரெழுத்துச் சாயலில் சின்னச் சின்ன ஒலிகள். பெற்றோர் பக்கத்தில் இருந்து பேசிய நேரங்களில் அந்த ஒலிகள் கூடின. அவர்கள் பேசி நிறுத்தினால் இது பதிலுக்கு ஏதோ சொன்னது. ஒன்றரைக் கிலோ எடையில், இன்னும் வயிற்றில் இருக்க வேண்டிய ஆள், பேச்சில் தன் முறைக்குக் காத்திருக்கிறது.

அதே குழந்தைகளை ஒன்றரை வயதில் சோதித்துப் பார்த்தார்கள். 32 வாரத்தில் மணிக்கு 100 சொற்கள் கூடுதலாகக் கேட்ட பிள்ளைகளின் மொழி மதிப்பெண் சராசரியாக 2 புள்ளி உயர்ந்திருந்தது. இதைப் படித்தவுடன் துள்ளிக் குதிக்க வேண்டாம். அதிகம் வந்து பேச முடிந்த பெற்றோர், வீட்டிலும் அதிகம் பேசியிருக்கலாம். வேலைக்குப் போகாமல் மருத்துவமனையில் உட்கார முடிவதே ஒரு வசதிதான். குரல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல, சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை வேண்டும்.

அப்படிப்பட்ட சோதனைகள் சில உண்டு, சிறியவை. பாஸ்டனில் அமிர் லஹாவின் குழு, 25 முதல் 32 வாரத்துக்குள் பிறந்த 40 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. பாதிப்பேருக்கு நாள்தோறும் 3 மணிநேரம், தாயின் குரலையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்து, கருப்பைக்குள் கேட்பதுபோல் மேல்சுருதியை வடித்துப் பெட்டிக்குள் ஒலிக்கவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துத் தலையை ஸ்கேன் செய்தபோது, ஒலியைக் கையாளும் மூளைப் பகுதி இவர்களுக்கு இரண்டு பக்கமும் தடித்திருந்தது. 2015-ல் வெளிவந்த முடிவு இது. 2025-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து இன்னொன்று வந்தது. 46 குழந்தைகள். தாய் கதை வாசிக்கும் பதிவை இரவுதோறும் 10 மணியிலிருந்து காலை 6 மணிக்குள் துண்டுதுண்டாக, மொத்தம் 2 மணி 40 நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். மொழிக்கான நரம்புப் பாதை ஒன்று, மூளையின் இடப்பக்கத்தில், கேட்காத குழந்தைகளைவிட முதிர்ந்திருந்தது. இந்தப் பிள்ளைகள் நாளைக்குப் பள்ளியில் நன்றாகப் பேசுவார்களா என்பது வேறு கேள்வி. அதை ஸ்கேன் சொல்லாது. மூளை அந்தக் குரலைச் சும்மா விடவில்லை என்பதை மட்டும் சொல்லும்.

எனக்கு இவற்றில் நெருக்கமானது இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து அயோஸ்டா நகரில் நடந்தது. குறைமாதக் குழந்தைக்குக் குதிகாலில் ஊசியால் குத்தி ரத்தம் எடுப்பது தினப்படி வேலை. சில குழந்தைகளுக்கு ஒரு நாளில் பலமுறை. இவ்வளவு சின்ன உடம்புக்கு வலிமருந்து கொடுப்பது எப்போதும் சாத்தியமில்லை. மனுவேலா ஃபிலிப்பா, தீதியே கிராஞ்சான் முதலிய ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 குழந்தைகளுக்கு இந்தக் குத்தலை மூன்று விதமாகப் பார்த்தார்கள். ஒரு முறை தாய் இல்லாமல். ஒரு முறை, ஊசிக்கு 5 நிமிடம் முன்பிருந்தே தாய் பேசிக்கொண்டிருக்க. ஒரு முறை தாய் பாடிக்கொண்டிருக்க. முகச்சுளிப்பு, இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு எல்லாம் சேர்த்துப் போடும் வலி மதிப்பெண் தாய் இல்லாதபோது 4.5, பேசும்போது 3. எச்சிலில் ஆக்ஸிடோசின் அளவு 0.8 பிகோகிராமிலிருந்து 1.4-க்கு ஏறியது. தாய்க்குப் பால் இறங்கவைக்கும் அதே சுரப்பு, பிள்ளையின் உடம்பில், அவள் குரலைக் கேட்டே ஊறுகிறது.

ஊசி போடும்போது தாயை வெளியே நிற்கச் சொல்வதுதான் நம் வழக்கம். "நீ பார்த்தா அழுவே, போம்மா." அவள் அழுதால்தான் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

சத்தத்தைக் குறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் குறைமாதக் குழந்தைகளைத் தனித்தனி அறைகளில் வைத்தார்கள். அமைதி, மங்கிய வெளிச்சம். 2014-ல் ராபர்ட்டா பினேடா குழு வெளியிட்ட கணக்கில், பொதுக்கூடத்தில் கிடந்த பிள்ளைகளைவிடத் தனியறைப் பிள்ளைகளின் மொழித்திறன் இரண்டு வயதில் குறைவாக இருந்தது. பெற்றோர் அதிக நேரம் வராத குழந்தைகளுக்கு அந்த அமைதி வெறும் வெற்றிடமாகப் போயிருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நம் வார்டுகளில் இரைச்சல், அவர்கள் அறைகளில் நிசப்தம். இரண்டிலும் காணாமல் போனது ஒன்றே.

குழாய்க்கு வருகிறேன். கொலம்பியாவின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தி, ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் கிருமி பரவி அவை இறந்துகொண்டிருந்த காலத்தில், 1978 வாக்கில், எட்கர் ரே என்ற மருத்துவர் பிள்ளைகளைத் தாயின் மார்போடு நிமிர்த்திக் கட்டிவிடச் சொன்னார். வறுமைக்கான வைத்தியமாகத் தொடங்கிய அது கங்காரு பராமரிப்பு என்ற பெயரில் உலகம் சுற்றியது. ஆனாலும் குழந்தையின் நிலை சீரான பிறகுதான் மார்பில் போட வேண்டும் என்பது நெடுநாள் விதி. அந்த விதியைச் சோதித்த ஐந்து நாட்டு ஆய்வில் இந்தியாவின் பங்கு டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். பாதிப்பேர் பிறந்தவுடனேயே தாயின் மார்புக்குப் போனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டு, அங்கேயே அவளுக்கும் மருத்துவம் பார்த்தார்கள். நாளில் சுமார் 17 மணிநேரம் தோலோடு தோல். மற்ற பாதிக்கு அந்தப் பிரிவில் ஒன்றரை மணிநேரம். 28 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 12, இரண்டாவதில் 15.7. ஆய்வைத் தொடர்வது நியாயமில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். 2021-ல் வெளியான அந்த முடிவை வைத்து 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் விதியையே மாற்றியது.

"உள்ளே விட்டா இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்" என்ற வாக்கியத்தை வராந்தாவில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கை கழுவாமல், வெளிச்செருப்போடு, பத்துப்பேர் நுழைந்தால் ஆகத்தான் செய்யும். ஆனால் சஃப்தர்ஜங் உள்ளிட்ட அந்த ஐந்து இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், தாய் முழுநேரமும் உள்ளே இருந்த கூட்டத்தில் கிருமித்தொற்று குறைந்தது, கூடவில்லை. அவள் தோலிலிருந்து பிள்ளைக்குக் குடியேறுவது அவள் வீட்டுக் கிருமிகள். மருத்துவமனைக் கிருமிகளைவிட எவ்வளவோ சாதுவானவை. டெல்லியிலேயே ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில், கை கழுவுவது முதல் குழாய்வழிப் பால் கொடுப்பதுவரை பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்ளும் முறையைச் செய்து பார்த்து, 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. காகிதத்தில் கதவு எப்போதோ திறந்துவிட்டது.

மார்பில் கிடக்கும் பிள்ளைக்குக் குரல் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். காற்றில் வருவது ஒரு பங்கு. தாயின் நெஞ்செலும்பு அதிர்ந்து, பிள்ளையின் கன்னத்துக்கும் மண்டைக்கும் நேரே ஏறுவது இன்னொரு பங்கு. அறுந்துபோன குழாயை மறுபடி ஒட்டவைக்கிறோம். அதைவிட வேடிக்கை, இந்தக் குழாய் தகப்பனுக்கும் கிடைக்கிறது. இத்தனை மாதமும் கிணற்று மேட்டில் நின்று கூப்பிட்டவர் இப்போது சட்டைப் பொத்தானைக் கழற்றினால் போதும். அடிச்சுருதியில் அவர் நெஞ்சு இன்னும் நன்றாகவே அதிரும். சஃப்தர்ஜங் ஆய்விலும் தாய்க்கு ஓய்வு வேண்டியபோது அவள் இடத்தில் குடும்பத்தார் ஒருவர் மார்பில் போட்டுக்கொள்ள அனுமதி இருந்தது. அப்பத்தாவோ அம்மாச்சியோ.

பேச்சு பற்றிக் கொஞ்சம் நடைமுறை. பெட்டியருகே நிற்கும் பெண்களுக்கு வாய் வருவதில்லை. "அதுக்கு என்ன தெரியும், பேசி என்ன ஆகப்போவுது" என்பார்கள். உள்ளே பயம் வேறு: ஒட்டிவிட்டு இழந்துவிட்டால்? கண்ணேறு பட்டுவிட்டால்? பெயரைக்கூடச் சொல்லாமல் "பாப்பா" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். பேசத் தொடங்கியவர்கள் சிலசமயம் ஆர்வத்தில் அதிகமாகக் கொட்டிவிடுவதும் உண்டு. பிள்ளையே அடையாளம் காட்டும். விரல்களை விரித்து நீட்டினால், கொட்டாவி விட்டால், விக்கினால், முகத்தைத் திருப்பினால், நிறம் மாறினால், மானிட்டரில் ஆக்சிஜன் எண் இறங்கினால், போதும் என்று அர்த்தம். கையை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். தடவிக்கொண்டே பாடிக்கொண்டே ஆட்டிக்கொண்டே எல்லாம் சேர்த்துச் செய்வது ஒன்பது மாதப் பிள்ளைக்குச் சரி, ஏழு மாதப் பிள்ளைக்குத் தாங்காது.

பாட்டு? தாலாட்டு என்ற சொல்லிலேயே தால், அதாவது நாக்கு, ஆடுகிறது. நாக்கை ஆட்டி எழுப்பும் ரகரமும் லகரமும்தான் அதன் உயிர், மாமன் கொண்டுவந்த சீரெல்லாம் பிறகு. தாலாட்டு தெரியாதவர்கள் வருந்த வேண்டாம். நியூயார்க்கைச் சேர்ந்த ஜோவன் லோவி 11 மருத்துவமனைகளில் 272 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், பெற்றோருக்குப் பிடித்த எந்தப் பாட்டையும் மெதுவாக்கித் தாலாட்டாகப் பாடச் சொன்னார். குழந்தையின் துடிப்பு சாந்தமானது, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. குத்துப்பாட்டைக் கால்வேகத்தில் பாடினால் அது தாலாட்டுதான். செல்போனில் போட்டு விடுவதைவிட வாயால் பாடுவது மேல் என்பது என் எண்ணம், காரணமும் இருக்கிறது: செல்போன் பிள்ளை விக்கினால் நிறுத்தாது.

இதை ஒரு திட்டமாக்கி, இத்தனை நிமிடம் பாடினால் இத்தனை பாசம் என்று கணக்கிட்டால் ஏமாற்றம்தான். அர்ஜென்டினா, கொலம்பியா, இஸ்ரேல், நார்வே, போலந்து ஆகிய ஐந்து நாடுகளில் 213 குடும்பங்களை வைத்து இசைச்சிகிச்சைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வந்தது. ஆறு மாதம் கழித்து அளந்தபோது பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பாசப் பிணைப்பில் வேறுபாடு இல்லை. இரண்டு கூட்டமும் நன்றாகவே ஒட்டியிருந்தது. பாட்டு வாத்தியார் இல்லாமலும் தாய்க்குப் பிள்ளை ஒட்டும் என்பது அவ்வளவு பெரிய அதிர்ச்சியா?

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. தீவிர சிகிச்சையிலிருந்து வரும் குழந்தைகளுக்குக் கேள்விக் குறை மற்றவர்களைவிட அதிகம். சில கிருமிக்கொல்லிகள், கடும் மஞ்சள் காமாலை, மூச்சுத்திணறல் எல்லாம் காதைத் தொடும். வீட்டுக்குக் கூட்டிப்போகும் முன் காது சோதனை முடிந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். இவர்களுக்கு வெறும் காதொலிச் சோதனை போதாது, நரம்பையும் சேர்த்துப் பார்க்கும் பெரா சோதனை வேண்டும். குரல் எவ்வளவு இருந்தும் கேட்கும் வாசல் அடைத்திருந்தால் முதல் மூன்று மாதத்துக்குள் தெரிந்தாக வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் அறுவைப் பிரசவம் ஆகிறது. பிள்ளைக்கு மூச்சு சரியில்லை, மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். 108 வண்டியில் அறுபது கிலோமீட்டர். தையல் போட்ட தாய் இங்கே படுக்கையில், பிள்ளை அங்கே பெட்டியில். கூடப் போனவர் தகப்பன். மூன்று நாலு நாளைக்கு அந்தப் பிள்ளையின் உலகத்தில் சொந்தக் குரல் என்று ஒன்று இருந்தால் அது அவருடையதுதான். நர்ஸம்மா கை கழுவச் சொல்லி, கவுன் மாட்டிவிட்டு, பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து "ஏதாச்சும் பேசுங்கண்ணே" என்கிறார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன் நிறுத்தியதுபோல் அவர் நிற்கிறார். என்ன பேசுவது? எதையும் பேசலாம். மெய்யெழுத்தெல்லாம் இன்னும் அதற்குப் பெரிதில்லை. சிறுமலைப் பக்கம் மழை இறங்கியிருக்கிறது என்று சொல்லலாம். அம்மா தூங்குகிறாள், சனிக்கிழமை வந்துவிடுவாள் என்று சொல்லலாம். ஒன்றுமே தோன்றவில்லையென்றால் ஒட்டன்சத்திரம் சந்தையில் இன்றைக்குத் தக்காளி என்ன விலை, முருங்கை என்ன விலை என்று மெதுவாக, ஒவ்வொன்றாக, நடுநடுவே நிறுத்தி, அது ஏதாவது சொல்கிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே போகலாம்.